டொக்டருக்கு ஆர் டொக்டர்? என் அனுபவம்

வாட்டில ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கிற எங்களுக்கு எங்கட பிரஷர் பார்க்க நேரமில்ல, கொரிடோர்ல ஒராளை மறிச்சு "மச்சான் தலையிடி, என்ன போடுறது" எண்டு கேட்டா அதுதான் எங்கட கிளினிக், கொப்பியும் இல்ல ஃபொலோ அப்பும் இல்ல. எனக்கு 150/100 நிண்டாப்பிறகு திருகோணமலை டவுனுக்குள்ள காட்டாம (வெயிட்டிங்ல இருக்கிற பாதிப்பேர் என்ர நோயாளியள்தான்!) கிண்ணியாப் பக்கம் என்னைத் தெரியாத ஒரு வயசான டொக்டரிட்ட நம்பர் எடுத்துக் குந்தியிருந்தன். மருந்துப் பேர் சொல்ல நான் வாயே திறக்கேல்ல, கேட்டதுக்கு மட்டும் பதில். நானெண்டா நேரா அம்லோடிபின் எண்ட பிரஷர் குளிசையைப் போட்டிருப்பன், அவர் ஈசிஜி, கிரியேட்டினின் (கிட்னி பார்க்கிற ரத்த டெஸ்ட்), சுகர் எல்லாம் எழுதினார். 2017ல ஜெனீவா பிரகடனத்திலயே (உலக மருத்துவச் சங்கத்தின்ர டொக்டர்மார் உறுதிமொழி) டொக்டர் தன்ர சுகத்தையும் பார்க்கவேணும் எண்டு சேர்த்தாச்சு, டியூட்டி லிஸ்ட் போடுறவையளுக்கு அது இன்னும் போய்ச் சேரேல்லப் போல. இப்ப நான் போய்க் காட்டுற கிளினிக் தேதியை லிஸ்ட் போட முன்னமே குடுத்துவிடுறன், பிரஷரும் 130/80க்குக் கீழதான் நிக்குது.