ட்ரியெஸ்டே சான் ஜோவான்னி பூங்கா: எந்த வாசல், எந்த மாதம்

இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் 1908 முதல் மனநல மருத்துவமனையாக இருந்த சான் ஜோவான்னி மலைச்சரிவு இன்று எல்லோருக்குமான பூங்கா. கட்டணம் கிடையாது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வரைபடத்தில் 'சான் ஜோவான்னி' என்று மட்டும் தேடினால் துயினோ பக்கம் அதே பெயருள்ள ஊரில் போய் நிற்பீர்கள். 'வியா சான் சிலினோ' என்று தெருப் பெயரையே போடுங்கள். அது கீழ் வாசல். பல்கலைக்கழகப் பக்கம் வியா வலேரியோவில் மேல் வாசல் இருக்கிறது. ஏறினால் மூச்சு வாங்கும் என்பவர்கள் அங்கிருந்து இறங்கி வரலாம். மற்றவர்கள் கீழிருந்தே ஏறுங்கள். நிர்வாகக் கட்டடம், அரங்கு, சமையற்கூடம், தேவாலயம் எல்லாம் நடுக்கோட்டில். நோயாளிகளின் கட்டடங்கள் இருபுறமும். மனிதர்களை எப்படிப் பிரித்து அடுக்கினார்கள் என்பது ஏறும்போதுதான் பிடிபடும்.

1971இல் மருத்துவமனையின் இயக்குநராக வந்த மனநல மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியா கதவுகளைத் திறந்துவிட்டார். அப்போது உள்ளே சுமார் 1,200 பேர். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து மரத்திலும் காகிதக் கூழிலும் ஒரு நீலக் குதிரை செய்தார்கள். சலவைத் துணி வண்டி இழுத்த மார்க்கோ என்ற குதிரையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். வெளியே கொண்டுபோகப் பார்த்தால் வாசலை விடக் குதிரை உயரம். வாசலைத்தான் உடைத்தார்கள். 'சுதந்திரமே சிகிச்சை' என்ற இத்தாலிய வாசகம் ஒரு சுவரில் பெரிதாக இருக்கும். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ரோஜாத் தோட்டத்துக்காகவே வருகிறவர்கள் மே நடுவில் வாருங்கள். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. பழைய வகைகள் பலவும் ஆண்டுக்கு ஒரே முறைதான் பூக்கும். ஜூலையில் வந்தால் அவற்றில் இலைதான் மிச்சம். புதிய கலப்பு வகைகள் இலையுதிர்காலம் வரை விட்டுவிட்டுப் பூக்கும். வாசனை பிடிக்க வெயில் ஏறுமுன் போங்கள். சூட்டில் மணம் பறந்துவிடும்.

குளிர்காலத்தில் 'போரா' காற்று வீசும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய மரங்களின் கிளை முறிந்து விழும்.

மனநலத் துறை அலுவலகங்கள் இன்றும் உள்ளேதான் இயங்குகின்றன. கட்டடங்களைத் தாராளமாகப் படமெடுங்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை வேண்டாம். ஏறிய களைப்புக்கு, கூட்டுறவுச் சங்கம் நடத்தும் 'இல் போஸ்தோ தெல்லே ஃப்ராகோலே' கடையில் காபி குடிக்கலாம்.