ரிவர்ஸ் போட்டால் படகு ஏன் இடதுபக்கம் ஓடுகிறது? எஞ்சின் வைத்த பாய்மரப் படகைத் துறையில் திருப்பும் முறை

பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்குக் கடலில் வராத பயம், பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில் துறைக்குள் நுழையும்போது வரும். முன்னால் போகும்வரை ஒன்றுமில்லை. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்பக்கம் ஒருபக்கமாக நழுவும். சுக்கானை எப்படித் திருப்பினாலும் கேட்காது. சுக்கானில் பழுது எதுவும் இல்லை, ப்ரொப்பெல்லரின் குணம் அது. 'ப்ராப் வாக்' என்பார்கள்.

எஞ்சின் கிளப்புவது, கயிறு முடிச்சுப் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்

படகைத் துறையில் இறுக்கிக் கட்டியபடியே மெதுவாக ரிவர்ஸ் போட்டு, பின்பக்கம் எட்டிப் பாருங்கள். நுரைத்த தண்ணீர் ஒருபக்கம் அதிகமாகக் கிளம்பும். வலதுபக்கம் கிளம்பினால் பின்பக்கம் இடதுக்குப் போகும். இடதில் கிளம்பினால் வலதுக்கு. இடது, வலது எல்லாம் முன்னால் பார்த்து நிற்பவருக்கு.

காரணம் இதுதான். பின்னாலிருந்து பார்க்கும்போது, முன்கியரில் கடிகார முள் போலச் சுற்றுவது வலக்கை ப்ரொப்பெல்லர். ரிவர்ஸில் அது எதிர்ச்சுற்று சுற்றி, தண்ணீரை முறுக்கி முன்னால் தள்ளும். வலதுபக்கம் மேலேறி வரும் தண்ணீர் படகின் அடிவயிற்றில் மோதி, பின்பக்கத்தை இடதுக்குத் தள்ளுகிறது. இடதுபக்கத் தண்ணீரோ கீழே இறங்கி அடியோடு போய்விடும். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், சாய்வாக இருந்தால் இழுப்பு இன்னும் கூடும். ஷாஃப்ட் படுக்கையாக இருக்கும் செயில்டிரைவ் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு.

இனி சொல்வதெல்லாம் வலக்கை ப்ரொப்பெல்லருக்கு. உங்களுடையது இடக்கை என்றால் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

2. இழுக்கும் பக்கத்திலேயே கட்டுங்கள்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே தோணியை நடத்தும் தண்டல் அண்ணாச்சி ஒருவர் சொன்னது: "தம்பி, அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து அந்தப் பக்கமே கட்டு. எதுத்து இழுத்தா டீசல்தான் தீரும்."

அதாவது, இடதுபக்கம் துறை இருக்கும்படி வாருங்கள். பதினைந்து, இருபது டிகிரி சாய்வில் மெதுவாக நெருங்குங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) துறையைத் தொடப்போகிறது என்னும்போது அணியத்தை லேசாக வெளியே திருப்பி, ஒரு ரிவர்ஸ். படகும் நிற்கும், பின்பக்கம் தானாகத் துறையோடு ஒட்டும். வலதுபக்கம் கட்டியே ஆகவேண்டும் என்றால் சாய்வைக் குறைத்து, வேகத்தை இன்னும் குறைத்து வாருங்கள். ரிவர்ஸைத் தொட்டும் தொடாமலும்தான் போடவேண்டும்.

3. நேராகப் பின்னால் போக நியூட்ரல்தான் வழி

ப்ரொப்பெல்லர் சுற்றும்வரைதான் இந்த இழுப்பு. படகு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது மிக மோசம், ஏனென்றால் சுக்கான்மேல் இன்னும் தண்ணீரே ஓடவில்லை. அதனால் கிளம்புமுன் பின்பக்கத்தைக் கொஞ்சம் வலதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் கொடுத்துப் படகு நகர்ந்ததும் நியூட்ரலுக்கு வாருங்கள். இழுப்பு நிற்கும், சுக்கான் பிடிக்கும். வேகம் குறைந்தால் மறுபடி கொஞ்சம் ரிவர்ஸ், மறுபடி நியூட்ரல்.

பின்னால் போகும்போது சுக்கான் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வேகம் அதை ஒருபக்கமாக அடித்துக்கொண்டு போகும். விலா எலும்பு பத்திரம்.

4. குறுகிய இடத்தில் திரும்புவது

இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள். நானும் வெகுநாள் சிக்கினேன், அதனால் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

வலதுபக்கமாகத் திரும்புங்கள். சுக்கானை முழுக்க வலதுக்குத் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முன்கியரில் ஒரு அழுத்து அழுத்துங்கள், இரண்டு மூன்று நொடி போதும். ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டு, பின்பக்கம் இடதுக்கு வீசும். படகு முன்னால் ஓட ஆரம்பிக்குமுன் நியூட்ரல். ஒரு மூச்சு பொறுத்து ரிவர்ஸ்.

ரிவர்ஸ் போட்டதும் கை தானாகச் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும், கார் ஓட்டிய பழக்கம். திருப்பாதீர்கள்! படகு இன்னும் பின்னால் ஓடவே இல்லை, சுக்கானுக்கு அங்கே வேலையில்லை. ரிவர்ஸ் இழுப்பே பின்பக்கத்தை மறுபடி இடதுக்குத்தான் கொண்டுபோகிறது. முன்கியரும் பின்கியரும் ஒரே திசையில் திருப்புகின்றன. சுக்கானை வலதிலேயே விட்டுவிட்டுக் கியரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். இடதுபக்கமாகத் திரும்பப் பார்த்தால் முன்கியரில் கிடைத்ததை ரிவர்ஸ் பறித்துக்கொள்ளும்.

5. காற்று

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று (மேற்குக் காற்று) கிளம்பி நம் கரைவரை வந்து அடிக்கும். அப்போது மேலே சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். ரிவர்ஸில் போகும் படகின் அணியத்தைக் காற்று தள்ளிவிடும், பின்பக்கம் காற்றைப் பார்த்துத் திரும்பும். காற்று இடதுபக்கமிருந்து வந்தால் ப்ரொப்பெல்லரும் காற்றும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். வலதுபக்கமிருந்து வந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்யும். நேராகப் பின்னால் வர அதுவே நல்ல நேரம். துறையிலிருந்து வெளியே தள்ளும் காற்று என்றால் படகின் நடுவிலிருந்து ஒரு கயிறு தயாராக இருக்கட்டும், முதலில் அதைக் கட்டுங்கள்.

என் விருப்பம்: மடங்கும் ப்ரொப்பெல்லரைவிட மூன்று இலை நிலையான ப்ரொப்பெல்லர். பாயில் போகும்போது வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ரிவர்ஸ் போட்டால் படகு நிற்கும். துறையில் எனக்கு அதுதான் முக்கியம். படகு துறையில் உரசாமல் இருக்கத் தடுப்புக்குப் பழைய டயரே போதும், சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் கறுத்துவிடும்.

பிற்சேர்க்கை: 'சுக்கான் வலதுக்கு' என்று நான் சொன்னது தண்ணீருக்குள் இருக்கும் பலகையை. வீல் இருந்தால் வீலை வலதுக்குத் திருப்பினால் சரி. கைப்பிடி உள்ள படகில் கைப்பிடியை இடதுக்குத் தள்ளவேண்டும். படித்தவர் ஒருவர் வலதுக்குத் தள்ளிவிட்டு, படகு எதிர்ப்பக்கம் திரும்புகிறதே என்று கேட்டார்.

இன்னொன்று: அவுட்போர்ட் (பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்த சிறு படகுக்கு இதில் பாதி தேவையில்லை. எஞ்சினையே திருப்பினால் தள்ளும் திசையும் திரும்பிவிடும். ஆனால் எந்த எஞ்சினாக இருந்தாலும் ரிவர்ஸுக்கு முன் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். துறை ஓரத்தில் மிதக்கும் நைலான் வலைத்துண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஷாஃப்டில் சுற்றிவிட்டால் குதித்து அறுக்கவேண்டியதுதான். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், இறங்குமுன் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.