புழுக்கையில் பொன்நிற முட்டை

ஆட்டுக்குத் தாடை வீங்கினால் கைக்குக் கிடைத்த குடற்புழு மருந்தை ஊற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். கிடை போட வந்த கீதாரி (ஆட்டு மந்தை மேய்ப்பவர்) ஒருவருக்கு, டாக்டர் இல்லாத நேரத்தில், ஐவர்மெக்டினைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பத்தாம் நாள் செத்த ஆட்டின் ஈரலோடு வந்து நின்றார். பித்தக் குழாயைக் கீறிக் காட்டினார். உள்ளே வேப்பிலை வேப்பிலையாகப் புழுக்கள். “தம்பி, இதுக்கா மருந்து குடுத்தீங்க?”

ஐவர்மெக்டின் உருளைப்புழுவுக்கு. ஈரலில் இருக்கும் தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. தாடை வீக்கம் இரண்டாலும் வரும். அதனால் முதலில் புழுக்கையில் ஈரல் புழுவின் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காதீர்கள். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு ஆசனவாயிலிருந்தே எடுங்கள். ஐந்தாறு உருண்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் நசுக்கிக் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். இந்த முட்டை கனமானது, அடியில் போய் உட்காரும். உப்புக் கரைசலில் மிதக்கவிடும் முறை இதற்கு உதவாது. மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தெளியும்வரை நாலைந்து தடவை செய்ய வேண்டும். (பொறுமை இல்லாதவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான்.) அடி வண்டலைச் சின்ன பாட்டிலில் ஊற்றி மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டு மெத்திலீன் புளூ விட்டால் புல் தூசெல்லாம் நீலமாகிவிடும். பித்தச் சாயம் ஏறிய ஈரல் புழு முட்டை மட்டும் பொன்நிறமாகவே நிற்கும். நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் அது வயிற்றுத் தட்டைப்புழு.

சரி, எந்த மருந்து? அதற்குப் புழு எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டும். ஈரல் சதையைத் துளைத்துக்கொண்டு போகும் குட்டிப் புழு ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை எரிக்கிறது, நம்மைப் போலத்தான். பித்தக் குழாய்க்குள் போய் வளர்ந்த பிறகு அங்கே ஆக்சிஜன் பற்றாது. அதனால் சர்க்கரையை மாலேட் என்ற பொருள் வரை உடைத்து, பாதியை ஒரு வழியிலும் மீதியை வேறு வழியிலும் அனுப்பி, அசிட்டேட்டையும் புரோப்பியோனேட்டையும் கழிவாகத் தள்ளுகிறது. கிடைக்கும் சக்தி குறைவு, ஆனால் உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் அது ஏராளமாகக் கக்குகிறது. பித்தக் குழாய் தடித்துப் போவதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆக்சிகுளோசனைடு என்ற மருந்து இந்தச் சக்திக் கணக்கில்தான் கை வைக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் ஓட்டை போட்டதுபோல: மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வராது. புழு சேமிப்பையெல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டுச் சாகும். ஆனால் இது வளர்ந்த புழுவுக்குத்தான். குட்டிப் புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து வேண்டும்.

குட்டிப் புழு முட்டை போடாது என்பதுதான் சிக்கல். தை மாதம் வாய்க்கால் ஓரம், இந்தப் புழுவைப் பரப்பும் நத்தை இருந்த இடத்தில் மேய்ந்த ஆட்டின் புழுக்கையில் சித்திரைக்கு மேல்தான் முட்டை தெரியும். நடுவில் ஆடு சோர்ந்து, கண் இமை வெளுத்துப் போனால், முட்டை இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். எங்கே மேய்ந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், எடை போடுங்கள். ஆக்சிகுளோசனைடு செம்மறிக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 25 கிலோ ஆட்டுக்கு 375. லேபிளில் ஒரு மில்லிக்கு 34 மில்லிகிராம் என்று இருந்தால் 11 மில்லி. சினை ஆடு என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

ஊற்றிய மறுவாரமே முட்டை தெரிகிறதே என்று பதற வேண்டாம். பித்தப்பையில் தங்கிய பழைய முட்டை கொஞ்ச நாள் வந்துகொண்டிருக்கும். மூன்று வாரம் கழித்து அதே ஆட்டின் புழுக்கையை மறுபடி கரையுங்கள்.