முகாமுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் (நான் செய்ததும் சேர்த்து)

நான் பெயின்ட் வேலைக்குப் போகிறவன். குடியிருப்பது பக்கத்து மாவட்டத்து இலங்கைத் தமிழர் அகதி முகாமில், மாமியார் வீடு மண்டபம் முகாமில். இங்கே வரும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் ஒரு தம்பி வந்தான், 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் மன்னாரிலிருந்து படகேறியவன். பையைத் திறந்து தாள்களைக் கொட்டினான். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் 1990-இல் நான் பண்ணிய அதே கூத்து.

படகுக்காரனிடம் ஏமாறாதே, நகையைப் பத்திரமாக வை என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கடலைத் தாண்டியவனுக்கு அது தெரியும்.

கரையேறியதும் சொல்லும் பெயர்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் படகுக்காரர்கள் பெரும்பாலும் கரைவரை வருவதில்லை, ஏதாவது ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரவெல்லாம் உப்புக்காற்றில் கிடந்து, விடிந்து காவல் படகு வந்து ஏற்றி, விசாரணை முடிந்து மண்டபம் கொண்டுவந்து சேர்க்கும்போது ஆள் பாதி உயிராக இருப்பான். அந்த நேரத்தில் ஒருவர் நோட்டைத் திறந்து "பேர்?" என்பார். அப்போது வாயில் என்ன வருகிறதோ அதுதான் ஆயுசுக்கும்.

அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. அம்மா வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள், அதனால் நான்தான் பதில் சொன்னேன். வீட்டில் கூப்பிடுகிற ராசன் என்ற பெயரைச் சொன்னேன். வயது ஒன்பது என்றேன், ஏனென்றால் சின்னப் பிள்ளைகளுக்குப் பால்மா கொடுக்கிறார்கள் என்று வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்கள். பால்மா கிடைத்தது. அதற்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

பிறப்பு அத்தாட்சியில் என் பெயர் கந்தையா தர்மராசா. முகாம் பதிவேட்டில் ராசன், வயது 9. பள்ளியில் சேர்த்த வாத்தியார், ராசா என்று பெயர் வைப்பார்களா என்று கேட்டு க. தர்மராஜ் ஆக்கிவிட்டார். ஆதார் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து வந்தது, வங்கிப் புத்தகம் ஆதாரைப் பார்த்து வந்தது, குடும்ப அட்டை மட்டும் பழைய பதிவேட்டைப் பார்த்து ராசனாகவே நின்றது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, பழுதான 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவோம் என்றபோது முகாமே சந்தோஷப்பட்டது. எங்கள் லைனுக்குக் கணக்கெடுக்க வந்தவர் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அருகருகே வைத்துக் கேட்டார்: "இதுல ராசன், அதுல தர்மராஜ். யாரய்யா நீ?"

அவர் மேல் தப்பில்லை. நான் நாற்பது நாளுக்கு மேல் கூலியை விட்டு அலைந்தேன். ராசனும் தர்மராஜும் தர்மராசாவும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, என்னைவிடப் பத்து வயது சின்னவனான கூடப்பிறந்த தம்பியைச் சாட்சிக்குக் கூட்டிப்போய், அதற்குள் முதல் பட்டியல் போய்விட்டது. இரண்டு மழைக்காலம் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கிடந்தோம், எதிர் வரிசையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள்.

ஆகவே, பிறப்பு அத்தாட்சியை பிளாஸ்டிக் பையில் சுற்றி உடம்போடு வையுங்கள். படம் எடுத்து, கரையில் இருக்கும் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். அதில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், அப்பா பெயரைத் தனியாகச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் நம் ஊரில் எழுதுகிற முறை வேறு இங்கே எழுதுகிற முறை வேறு என்பதால் அதையும் காட்டி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் "ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ ஐயா" என்று கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

அந்தத் தம்பியும் கூப்பிடும் பெயரைத்தான் கொடுத்திருக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. "ஊரில அக்காவிட்ட சொல்லி பிறப்பு அத்தாட்சியில பேரை மாத்தலாமோ அண்ணை?" என்றானே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரியாக இருக்கிற ஒரே தாளைத் தப்பான பதிவுக்கு ஏற்ற மாதிரி வளைப்பதா? முதலில் பதிவேட்டைத் திருத்தவேண்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

கல்யாணமாகியும் அப்பா அட்டையில் இருப்பது

வீடு குடும்பத்துக்கு ஒன்று, அப்பா அட்டையில் இருந்தால் உங்களுக்கென்று தனியாக வராது. 2021-இல் அறிவித்தபடி மாத உதவி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். அப்பாவோடு சண்டை வந்த பிறகு அட்டையைப் பிரிக்க ஓடுகிறார்கள். திருமணத்தைப் பதிந்த கையோடு பிரியுங்கள்.

செக்கிங் நாளில் வெளியூர் வேலை

முகாமில் ஆட்களைச் சரிபார்க்கிற அந்த நாளில் போகாதீர்கள். பதிவேட்டில் பெயரை வெட்டுவது ஒரு நிமிடம்.

முகாம் வீட்டை விலைக்கு வாங்குவது

பட்டா இல்லாத சுவருக்குப் பணம் கொடுப்பானேன்?

பிள்ளை பிறந்ததை ஒரு இடத்தில் மட்டும் பதிவது

இங்கே சான்றிதழ் வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதியவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். பழைய சான்றிதழையும் எறியாதீர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் அதை வைத்துத்தான் 2022-இல் நீதிமன்றத்தில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 தேர்தலில் வாக்களித்தார்.

பதிவு எதற்கு, சோறு கிடைக்கிறதே என்பது

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதிலும் "பதிவு செய்தவர்கள்" என்று ஒரு சொல் இருக்கிறது. பிறகு வந்தவர்களை அது தொடவில்லை, இந்தத் தம்பி உட்பட. நாளைக்கு இன்னொரு உத்தரவு வந்தால் அதிலும் அந்தச் சொல் இருக்கும் என்று அவனிடம் சொன்னேன்.

மனுவை இரண்டு பிரதியாக எழுதினோம். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றில் முத்திரை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள், காலை பஸ்ஸைப் பிடித்தால் டோக்கன் வரிசையில் முன்னால் நிற்கலாம்.