பத்து வருடம் தாங்க ஒரு ஹார்டு டிஸ்க்: வாங்குவதும் சோதிப்பதும்

பழைய போட்டோ, கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த எந்த கம்பெனி டிஸ்க் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்று ஹார்டு டிஸ்க் தயாரிப்பில் மிச்சம் இருப்பதே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. ஆன்லைன் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டேட்டா சென்டரில் எந்த டிஸ்க் எவ்வளவு பழுதாகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் வருடக்கணக்கில் ஓடுவதையும் இன்னொன்று கொத்துக்கொத்தாகப் போவதையும் அதில் பார்க்கலாம். அதனால் மாடல் எண்ணைப் பாருங்கள்.

படி 1: மாடலைத் தேர்ந்தெடுப்பது

டிஸ்க்கில் டேட்டாவை எழுதும் முறை எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று முதலில் பாருங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ஒரு இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் (டபிள்யூடி) ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் சொல்லாமலே நுழைந்தது 2020-இல் பெரிய சர்ச்சையானது. அப்புறம்தான் சிஎம்ஆர் மாடல்களுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப்பெயர் வந்தது. ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்க எஸ்எம்ஆர் போதும். நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் எப்போதும் ஓடும் டிஸ்க் பெட்டி) போடுவதென்றால் வேண்டாம்.

என் சிபாரிசு: டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 இவற்றில் ஒரு 3.5 அங்குல டிஸ்க், கூடவே தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி டாக் (டிஸ்க்கைச் செருகி கம்ப்யூட்டரோடு இணைக்கும் தாங்கி). கையடக்க டிஸ்க் பலவற்றில் யுஎஸ்பி போர்ட்டை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். போர்ட் ஆட்டம் கண்டால், கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்ட உள்ளே சாட்டா (டிஸ்க்கை கம்ப்யூட்டரில் நேராக மாட்டும் முனை) இணைப்பே இருக்காது.

படி 2: வாங்குவது

பில் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி காட்டுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

படி 3: ஸ்மார்ட் விவரம் படிப்பது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. பலரும் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம். அதைப் படிக்க விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

மேலே பச்சையோ நீலமோ 'குட்' என்று காட்டுவதை நம்பி மூடிவிடாதீர்கள். கீழே 05, சி5, சி6 என்ற வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டேட்டா எழுதும் சிறு கட்டங்கள்), சி5 சந்தேகத்தில் நிற்பவை, சி6 படிக்கவே முடியாதவை. புது டிஸ்க்கில் மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

ரா வேல்யூ பத்தியில் இருப்பது பதினாறடிமான எண் (0-9, A-F என்று பதினாறு குறிகளில் எழுதுவது). அங்கே 64 என்று இருந்தால் நம் கணக்கில் 100. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய் 10-ஐத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான எண்ணாக வரும்.

ஆனால் சீகேட் டிஸ்க்கில் அப்படி மாற்றினால் 01 (படிப்பதில் பிழை), 07 (படிக்கும் தலை நகர்வதில் பிழை) வரிகளில் கோடிக்கணக்கில் எண் வந்து வயிற்றைக் கலக்கும். அது பிழைகளின் எண்ணிக்கை அல்ல. பதினாறடிமானத்தில் உள்ள 12 இலக்கத்தில் முதல் நான்குதான் பிழை, மீதி எட்டும் டிஸ்க் செய்த வேலையின் கணக்கு. முதல் நான்கும் 0000 என்றால் கவலை வேண்டாம்.

சி7 (கேபிள் வழியே டேட்டா போகும்போது வரும் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றுங்கள்; பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் சரி.

பவர் ஆன் ஹவர்ஸையும் (டிஸ்க் ஓடிய மணி நேரம்) பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்க்குகளை ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதிதென்று விற்றது வெளியானது. அப்போது காட்டிக்கொடுத்தது சீகேட் டிஸ்க்குக்குள் தனியாக இருக்கும் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம்.

படி 4: முழுக்க எழுதிப் பார்ப்பது

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படிக்க விடுங்கள். 4 டிபிக்கு ஒரு பகலோ இரவோ போய்விடும். யுபிஎஸ் இருந்தால் நல்லது. முடிந்ததும் மறுபடி 05, சி5, சி6. திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

படி 5: இரண்டு பிரதி

இரண்டாவது டிஸ்க் வேறு கம்பெனியாக இருக்கட்டும், வேறு வீட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு ஓரிரு முறை மாட்டி, கோப்புகளின் செக்சம்மை (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். அது அதற்கானது இல்லை.

பின்சேர்க்கை: டாக்கில் மாட்டினால் ஸ்மார்ட் விவரமே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சில டாக்கின் சிப் அதைக் கடத்தாது. டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே டிஸ்க் சுற்றவே இல்லையா? பெரிய கொள்ளளவு எண்டர்பிரைஸ் மாடல் சிலவற்றில், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) சாட்டா பவர் இணைப்பில் மூன்றாவது பின்னில் வரும் 3.3 வோல்ட் டிஸ்க்கை அணைத்து வைத்துவிடும். மோலக்ஸிலிருந்து (பழைய நாலு பின் பவர் இணைப்பு) சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டால் சுற்றும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகம் மட்டும் வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது.