மெட்-சர்ஜ் பேப்பரை வார்டிலிருந்தே படிப்பது எப்படி

மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங் புத்தகத்தை முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படித்து முடித்த ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் முடித்ததில்லை. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கு இரண்டாம் முறை உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கேள்வித்தாளில் வருகிறவர்கள் எல்லாம் நம் வார்டில் படுத்திருக்கிறவர்கள்தான். அதனால் எந்தப் பாடத்தை எடுத்தாலும் போஸ்டிங்கில் பார்த்த ஒருவரை மனதில் கிடத்திக்கொண்டு, இவர் உயிருக்கு எது முதலில் ஆபத்து, அதற்கு நான் முதலில் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

தொடக்கம் எலக்ட்ரோலைட், அதாவது ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்புகள். லிட்டருக்கு மில்லிஈக்விவலன்ட் கணக்கில் சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5.0. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது வரவேண்டும். பொட்டாசியத்தை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒரு பெரியவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருந்தவர். மகன் பாசமாகத் தோப்பிலிருந்து இளநீர் வெட்டிவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தார். "சூடு தணியட்டும்னு ரெண்டு நாளா குடுக்கறேன் சிஸ்டர்" என்றார். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், பெரியவருக்கோ அதை வெளியேற்ற வழியில்லை. ஈசிஜியில் டி அலை கூடாரம் போட்டதுபோல நிமிர்ந்து நின்றது. இந்த இடத்தில்தான் தேர்வில் கழுத்தறுப்பார்கள்: கால்சியம் குளூக்கோனேட் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை மட்டும் காப்பாற்றும். டெக்ஸ்ட்ரோஸோடு கொடுக்கும் இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளும், அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் உடம்பைவிட்டு அதை வெளியே எடுத்தது டயாலிசிஸ். பொட்டாசியம் குறைந்தால் டி அலை தட்டையாகும், யு அலை எட்டிப் பார்க்கும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு அந்த மருந்தே விஷமாகும். பொட்டாசியம் குளோரைடை ஊசியில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றவே கூடாது. பாட்டிலில் கலந்து, மெதுவாக, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துத்தான்.

இதயச் செயலிழப்பு டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். வடிகால் தூர்ந்தால் தண்ணீர் எங்கே ஏறும்? அடைப்புக்குப் பின்னால் இருக்கிற வயலில். இடது பக்கம் தள்ள முடியாவிட்டால் பின்னால் இருப்பது நுரையீரல், எனவே மூச்சுத் திணறல், படுக்க முடியாமை, இளஞ்சிவப்பு நுரைச் சளி. வலது பக்கம் என்றால் கால் வீக்கம், கழுத்து நரம்புப் புடைப்பு, கல்லீரல் வீக்கம். மூச்சுத் திணறினால் முதல் வேலை நிமிர்த்தி உட்கார வைப்பது. தினமும் எடை பார்ப்பது காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில். திடீரென 1 கிலோ ஏறினால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

பாம்புக்கடியைப் பல புத்தகங்கள் அரைப்பக்கத்தில் முடித்துவிடும். நாம் அப்படி விட முடியாது, நடவும் அறுப்பும் வந்தால் நம் கேஷுவாலிட்டி அப்படி. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது, கடிவாய் வீங்கும், ஈறில் கசியும், சிறுநீரகம் கெடலாம். அதற்குத்தான் 20 நிமிட உறைவுப் பரிசோதனை: 2 மில்லி ரத்தம், காய்ந்த சுத்தமான கண்ணாடி டியூப், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பது. மாணவியாக இருந்தபோது நான் பத்தாவது நிமிடத்திலேயே ஆர்வம் தாங்காமல் சாய்த்துப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிய டியூபும் ஆகாது, அதில் நல்ல ரத்தமே உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். விஷமுறிவு மருந்து முதல் தவணை 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. இது எம்.சி.க்யூ.வுக்கென்றே பிறந்த கேள்வி. மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில். அது முன்கூட்டியே ட்ரேயில் இருக்கவேண்டும், தேடிக்கொண்டு ஓடக் கூடாது.

காற்றுக்கு எதிராக நின்று பூச்சி மருந்து அடித்துவிட்டு மயங்கி வருகிறவரிடம் முதலில் நீங்கள் கையுறை போடுங்கள், பிறகு அவர் சட்டையைக் கழற்றுங்கள், சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், எச்சில், வியர்வை, நெஞ்சில் சளி, நாடி மெதுவாகும். அதற்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் போதுமா என்பதைக் கண்மணியை வைத்து முடிவு செய்யக் கூடாது, நெஞ்சுச் சளி காய்ந்ததா, நாடி 80-க்கு மேல் வந்ததா என்பதுதான் கணக்கு. தேறிவிட்டார் என்று நினைக்கிற இரண்டாம் மூன்றாம் நாளில்தான் மூச்சுத் தசை தளரும். ரவுண்ட்ஸ் போகும்போது தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் உடனே டாக்டர்.

தீக்காயக் கணக்கில் மார்க்கை விடாதீர்கள். நெல் அவிக்கிற அண்டா சரிந்து இரண்டு கால்களும் முழுக்க வெந்துபோன ஒருவர், எடை 50 கிலோ. உடம்பின் பரப்பில் ஒரு காலுக்கு 18, ஆக 36 சதவீதம். ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதத்துக்கு 4 மில்லி என்று முதல் 24 மணி நேரத்துக்கு 4 × 50 × 36 = 7,200 மில்லி ரிங்கர் லாக்டேட் ட்ரிப். பாதி, அதாவது 3,600, முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி வெந்த நேரத்திலிருந்து எண்ணுவது, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து அல்ல. வேதாரண்யத்திலிருந்து ட்ரிப் எதுவும் போடாமல் தஞ்சாவூர் வந்துசேர 2 மணி நேரம் ஆகிவிட்டது என்று கேள்வியில் இருந்தால், மிச்சம் 6 மணி, மணிக்கு 600 மில்லி. அடுத்த 16 மணி நேரத்துக்கு மணிக்கு 225.

ரத்தம் ஏற்றுவதில் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், 4 மணி நேரத்துக்குள் பை முடியவேண்டும். குளிர், முதுகுவலி வந்தால் முதலில் நிறுத்துவது, அப்புறம் புது ட்யூபில் நார்மல் சலைன், அப்புறம் டாக்டர். "டாக்டருக்குத் தெரிவிக்கவும்" என்ற விடை எப்போதும் அழகாகத்தான் தெரியும். அதற்குமுன் உங்கள் கையால் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக் பண்ணுங்கள்.

கடைசியாக, யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற வகைக் கேள்வி. காலை ஏழரை, டூட்டி மாறுகிறது. ஒருவருக்குச் சர்க்கரைப் புண், டிரெஸ்ஸிங் பாக்கி, சர்க்கரை 240. ஒருவர் நேற்று குடலிறக்க ஆபரேஷன் ஆனவர், தையல் வலிக்கிறது என்கிறார். ஒருவருக்கு இதயக் கோளாறு, கால் வீக்கம் நேற்றைப்போலவே இருக்கிறது. நாலாவது கட்டிலில் ராத்திரி தரையில் படுத்துத் தூங்கியவர், விடியக்காலை வயிற்றுவலி என்று வந்து சேர்ந்தவர், கடித்த தடம் எதுவும் இல்லை, "கண்ணைத் தொறக்கவே முடியல சிஸ்டர், தூக்கமாவே வருது" என்கிறார். பலர் ஆபரேஷன் ஆனவரிடம் ஓடுவார்கள். இமை தொங்குகிற நாலாவது ஆளிடம் போங்கள். கட்டுவிரியன் வலிக்காமல் கடிக்கும், தடமும் தெரியாது, இமையில் ஆரம்பித்து மூச்சுத் தசையில் முடியும். ஆக்சிஜனையும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.