ஒன்று முதல் மூன்று வயது வரை: பொம்மை வாங்கும்முன் குழந்தையின் கையைப் பாருங்கள்

பதினான்கு மாதக் குழந்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொம்புக்குள் கரண்டியைப் போடுகிறது. உள்ளே எட்டிப் பார்க்கிறது, கவிழ்த்துக் கொட்டுகிறது, மறுபடி போடுகிறது. கால் மணி நேரம் இதே வேலை. போன வாரம் வாங்கிய பாட்டுப் பாடும் பொம்மை பக்கத்திலேயே கேட்பாரற்றுக் கிடக்கிறது. காசு வீணாகிவிட்டதே என்று பெற்றோர் நொந்துகொள்வது வழக்கம். ஆனால் அடுத்து என்ன வாங்கலாம் என்பதற்கான பதில் அந்தச் சொம்பில் இருக்கிறது: எதையாவது எதற்குள்ளாவது போட்டு எடுக்கும்படியான ஒன்று.

கடைக்குப் போவதற்குமுன் இரண்டு மூன்று நாள் குழந்தையின் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். போட்டு எடுக்கிறதா, தட்டுகிறதா, அடுக்குகிறதா, தள்ளிக்கொண்டு போகிறதா, மூடியைத் திருகப் பார்க்கிறதா? எந்த வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதற்குத் தோதான பொம்மை நிச்சயம் விளையாடப்படும். பெட்டிமேல் "மூளை வளர்ச்சி", "மாண்டிசோரி" என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். ஆனால் அந்தப் பெயரை எந்த நிறுவனமும் எந்தப் பெட்டியிலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முதலில் பாதுகாப்பு

"மூன்று வயதுக்கு மேல்" என்ற குறியைப் பார்த்து, "நம்ம பிள்ளைதான் கெட்டிக்காரனாச்சே" என்று இரண்டு வயதுக்கே வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அந்தக் குறிக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. தொண்டையில் சிக்கக்கூடிய சிறிய துண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையானாலும் இரண்டு வயதில் மூச்சுக்குழாயின் அகலம் ஒன்றுதான்.

ஆய்வுக்கூடங்களில் இதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழல் வைத்திருப்பார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தடித்த அட்டையில் 11 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். சுருட்டி, ஓரத்தில் 1 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் ஏறக்குறைய அதே அளவுக் குழல் கிடைத்துவிடும். பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் பாகமோ இந்தக் குழலுக்குள் முழுதாக இறங்கிவிட்டால் மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது.

பந்துக்கு இது போதாது. உருண்டையான பொருள் தொண்டையை மூடிபோல அடைத்துக்கொள்ளும் என்பதால் அளவு இன்னும் கடுமை: 4.4 செ.மீ. விட்டம். அதே அட்டையில் 15 செ.மீ. நீளத்துண்டு வெட்டி, 1 செ.மீ. ஏற்றி ஒட்டினால் அந்த வளையம் தயார். அதற்குள் புகுந்து வெளியே வரும் பந்து ஆகாது. கோலிக்குண்டும் துள்ளும் ரப்பர் பந்தும் மட்டுமல்ல, 4 செ.மீ. உள்ள டேபிள் டென்னிஸ் பந்துகூட இதில் தோற்றுவிடும். டென்னிஸ் பந்து தேறும்.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு இது கட்டாயம். பேட்டரி இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடுபவற்றுக்கு ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்கும். முத்திரைக்கு அருகே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தரநிலைகள் அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது யாருடைய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற கர்நாடகத்துச் சன்னபட்டணா போன்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அதனால் மரப்பொம்மையில் முத்திரை இல்லை என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஆனால் கையால் சோதித்துப் பாருங்கள். சன்னபட்டணா வேலை என்பது கடைசல் பொறியில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றுவது. ஆகவே கடைந்து திரட்டிய துண்டில்தான் அந்த நிறம் சரியாக ஏறும். தட்டையான பலகைத் துண்டு அதே பெயரில் பளபளத்தால் அது பெரும்பாலும் பெயின்ட். ஈரமான வெள்ளைத் துணியால் நன்றாகத் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் குழந்தையின் வாயிலும் இறங்கும். விளிம்பில் நகத்தால் சுரண்டும்போது செதிலாகப் பெயர்ந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டன் பேட்டரி விஷயத்தில் கொஞ்சமும் இளகக் கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருந்தாக வேண்டும். நகத்தால் தள்ளித் திறக்கும் மூடி என்றால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். சிறு காந்தமும் இதேபோல ஆபத்து: இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். பலூன் வெடித்த துண்டுகளை அந்த நிமிஷமே பொறுக்கிவிடுங்கள்.

ஒரு வயது முதல் ஒன்றரை வரை

இது போட்டு எடுக்கும், தட்டும், எறியும் காலம். எறிவது சேட்டை அல்ல, கையில் பிடித்ததை விட்டால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சி. கனமில்லாத துணிப்பந்து இரண்டு கொடுத்து எறியச் சொல்லுங்கள். மூடியில் அகலமான துளை போட்ட டப்பா ஒன்று, அதில் போட 5 செ.மீ.க்குக் குறையாத மரவட்டு ஐந்தாறு. இதை வீட்டிலேயே செய்யலாம். துளையின் ஓரம் கையை அறுக்காதபடி டேப் ஒட்டுங்கள்.

வளைய அடுக்கை நிறையப் பேர் இந்த வயதில் வாங்குகிறார்கள், நிறையப் பேர் ஏமாறவும் செய்கிறார்கள். காரணம் நடுத்தண்டு. மேலே குறுகிக் கீழே பருத்த தண்டில் பெரிய வளையம் முதலில் போனால்தான் எல்லாம் அடங்கும். குழந்தைக்கு அந்த வரிசை புரிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனுள்ள தண்டும், அசையாத தட்டை அடியும் உள்ளதை எடுங்கள். வாங்கியதும் மூன்று வளையங்களை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை எடுத்து உள்ளே வையுங்கள். முதலில் குழந்தை கழற்ற மட்டும்தான் செய்யும். கழற்றுவதும் பாடம்தான். பிறகு ஒரு நாள் வளையத்தைத் தண்டின் பக்கத்தில் கொண்டுவந்து மோதும். துளை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், மணிக்கட்டு திரும்பாது. அந்த நேரத்தில் பெரியவர் கை குறுக்கே போய்ப் போட்டுக் காட்டினால், குழந்தை அடுத்த வளையத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும். தண்டை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி நல்ல பொருள், ஆனால் வாங்கும்போது கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முன்பக்கம் தூக்கினால் குழந்தை எழுந்து நிற்கப் பிடிக்கும்போது வண்டி அதன்மேலேயே சாயும். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் குழந்தை முகங்குப்புற விழும். பெட்டி வைத்த தள்ளுவண்டியானால் இரண்டு கிலோ அரிசிப் பை ஒன்றை உள்ளே வைத்தால் வேகம் அடங்கும். குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் உருளும் வாக்கர் வேறு. அது நடக்கக் கற்றுத்தருவதில்லை, படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடக் காரணமாகிறது. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

ஒன்றரை முதல் இரண்டு

கட்டைகளுக்கு இதுவே நல்ல வயது. ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டை, இரண்டு வயதில் ஆறேழு கட்டை வரை அடுக்குவார்கள். ஒரு பக்கம் 4 செ.மீ. உள்ள மரக்கட்டை கைக்கு அடக்கம். பிளாஸ்டிக் கட்டை உள்ளே கூடாக இருப்பதால் கை பட்டாலே சரிந்து குழந்தையைச் சலிப்படைய வைக்கும். தொடக்கத்துக்குப் பன்னிரண்டு போதும். இரண்டரை வயதில் வீடு, பாலம் என்று கட்டத் தொடங்கும்போது நாற்பது வரை தேவைப்படும். அதே அளவில் பின்னால் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலத்துக்கும் உழைக்கும் பொம்மை ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கட்டைகளை வாங்குங்கள்.

வடிவம் பொருத்தும் பெட்டியில் பன்னிரண்டு துளை இருந்தால் பெரியவருக்குத்தான் மகிழ்ச்சி. வட்டத்தை மட்டும் திறந்துவைத்து மற்றதை டேப்பால் மூடுங்கள். வட்டத்தை எப்படிப் பிடித்தாலும் உள்ளே போகும் என்பதால் முதலில் அது, பிறகு சதுரம், அதன்பிறகு முக்கோணம். பிடி வைத்த பலகைப் புதிரில் ஒவ்வொரு பிடியையும் இழுத்துத் திருகிப் பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டிய பிடி சில மாதத்தில் வாய்க்குள் போகும்.

கிறுக்குவதும் இப்போதுதான். சிலேட்டும் பலப்பமும் வேண்டாம். பலப்பத்தை உடைத்துத் தின்பார்கள். விரல் பருமனுள்ள கிரயான் நான்கு நிறம், தரையில் நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டிய சார்ட் பேப்பர். ஒட்டாவிட்டால் ஒரு கையால் தாளைப் பிடிக்கத் தெரியாமல் பேப்பர் கசங்கி, விளையாட்டு அழுகையில் முடியும். வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் அரிசி மாவு ஒரு சிட்டிகை கொடுத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யும். கல்மாவு வேண்டாம், தூசி மூச்சில் ஏறும்.

இரண்டு முதல் மூன்று

பாவனை விளையாட்டு பெருகும் வயது. காலி டம்ளரைக் குடிப்பதுபோல நடிப்பது ஒன்றரை வயதிலேயே தொடங்கிவிடும். இப்போது மரப்பாச்சிக்குச் சோறு ஊட்டும், தூங்க வைக்கும், அதட்டவும் செய்யும். வாழைப்பழத்தைக் காதில் வைத்து "ஹலோ" என்னும் குழந்தை, ஒரு பொருளை இன்னொன்றாக எண்ணிப் பார்க்கிறது. பின்னால் எழுத்து என்பது ஒலியின் குறி என்று புரிந்துகொள்ளவும் இதே திறமைதான் வேண்டும். அதனால் எழுத்துப் பொம்மைக்கு முன்னால் செப்புச் சாமான் வாங்குங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து மரச்செப்பு அழகானது. ஆனால் சில செட்டுகளில் மூடியும் கரண்டியும் அட்டைக் குழலுக்குள் இறங்கிவிடும். அவற்றை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தை வந்து விளையாடும் வீடென்றால் ஒரே மாதிரி இரண்டு கரண்டி, இரண்டு டம்ளர் வையுங்கள். இந்த வயதில் சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே தானும் செய்வதுதான் அதிகம்; பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தால் பிடுங்கல்தான் நடக்கும்.

பேசும் பொம்மை

அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளியும் ஒலியும் தரும் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், குழந்தை ஒலியெழுப்பிப் பதில் தந்ததும் குறைந்தது. படப்புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். பொம்மை பேசினால் வீட்டில் உள்ளவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆகவே பேச்சுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குங்கள், அதிலும் குழந்தை தினம் பார்க்கிற காக்கா, ஆட்டோ, தேங்காய், பல்லி இருக்கும் புத்தகமாக. ஏற்கெனவே வீட்டில் பேசும் பொம்மை இருந்தால் குழந்தை பிடிக்கும் தூரத்தில் உங்கள் காதருகே வைத்துக் கேளுங்கள். உங்களுக்கே உறுத்தினால் ஸ்பீக்கர் மேல் பேக்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டுங்கள்.

வாங்கிய பிறகு

கூடை நிறையக் கொட்டி வைத்தால் எதிலும் கை நிலைக்காது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மை இருந்ததைவிட 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். தாழ்வான தட்டில் நான்கைந்து வையுங்கள், மிச்சம் பரணில் இருக்கட்டும். ஒன்றைச் சீண்டாமல் ஒரு வாரம் கடந்தால் மாற்றுங்கள். புதிதாக வாங்கியதைக் குழந்தை தூக்கி எறிந்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது இன்னும் கடினம். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்து வையுங்கள்.

குளிக்கும்போது பீய்ச்சி விளையாடும் ரப்பர் வாத்துக்குள் தண்ணீர் தேங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கும். அடியில் துளை இல்லாததாக வாங்குங்கள். மரப்பொம்மையை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். இழுவைப் பொம்மையின் கயிற்று நுனியில் சுருக்கு இருந்தால் வெட்டிவிடுங்கள், தூளியிலோ படுக்கையிலோ அதை வைக்கவே வேண்டாம்.

ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு சொல்கூட வரவில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் அதற்குப் பொம்மைக் கடையில் மருந்து தேடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு நடத்தும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களிலும் இதற்கான பரிசோதனை கிடைக்கும்.

பிறந்தநாளுக்கு என்ன வாங்கட்டும் என்று அத்தையோ சித்தப்பாவோ கேட்டால் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடாதீர்கள். "4 செ.மீ. மரக்கட்டை, அதே அளவில் இன்னும் பன்னிரண்டு" என்று சொல்லுங்கள். கேட்டதை வாங்கிவர அவர்களுக்கும் சுலபம்.